விரல் மடங்காத விடியல்

தோழா!

காஞ்சிப் பட்டு என்றதும் உன் கண்முன் நிற்பது எது? சரிகை! கரை! முந்தானை! மணவறையிலே மின்னிடும் மாம்பழ வண்ணம்! கடைவீதியின் கண்ணாடிப் பேழைக்குள் மடிப்புக் கலையாமல் வீற்றிருக்கும் மயில்கழுத்து நிறம்! 2005-ஆம் ஆண்டிலே புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது அந்தப் பட்டு. வேறெங்கோ நெய்ததைக் கொண்டுவந்து இந்த ஊரின் பெயரைச் சூட்டி விற்கலாகாது என்று சட்டம் காவல் நிற்கிறது. நல்லது. வேண்டியதுதான். பட்டின் பெயருக்குக் காவல் இருக்கிறது. அந்தப் பட்டை நெய்த விரலுக்கு?

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களிலே நடந்து பார். அய்யம்பேட்டைக்கும் முத்தியால்பேட்டைக்கும் சென்று பார். குழிக்குள் கால், தறிமேல் கை, இழைமேல் கண் — இப்படித்தான் காலம் கழிகிறது அங்கே. கோர்வைச் சேலை என்றால் மூன்று நாடா ஓட வேண்டும். உடலுக்கு ஒன்று, இருபுறக் கரைக்கும் இரண்டு. நெய்பவர் ஒருவர் போதாது, பக்கத்திலே துணையாள் ஒருவர் வேண்டும். பாவு தீர்ந்துவிட்டாலோ, பழைய பாவின் இழை முனையோடு புதிய பாவின் இழை முனையை ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் முறுக்கிப் பிணைத்திட வேண்டும். நூறல்ல, இருநூறல்ல — ஆயிரக்கணக்கான இழைகள்! இன்னொரு மூலையிலே வீட்டுப் பெண்கள் அமர்ந்து தார் சுற்றுகிறார்கள். அந்தத் தொழிலின் முதல், நிலமல்ல; பொன்னல்ல; பத்து விரல்!

அந்தப் பத்து விரலும் ஒரு நாள் காலையிலே மடங்க மறுத்தால்?

தோழா! அப்படி ஒரு நோய் இருக்கிறது. நம் மக்கள் அதற்குச் சரவாங்கி என்று பெயரிட்டனர். மருத்துவ ஏடுகள் முடக்குவாதம் என்கின்றன. முதுமையிலே முழங்கால் தேய்வதைச் சொல்லவில்லை நான், அது வேறு. இது, உடலைக் காத்திட வேண்டிய எதிர்ப்புப் படையே வழிதவறி, மூட்டின் உட்புறச் சவ்வைப் பகைவன் என்று எண்ணித் தாக்குவது. காவற்காரனே வீட்டை இடிப்பது! சவ்வு வீங்குகிறது; வீங்கிய சவ்வு குருத்தெலும்பை அரிக்கிறது; பின்னர் எலும்பையே அரிக்கிறது. பெரும்பாலும் கையின் சிறு மூட்டுகளிலேதான் தொடங்குகிறது. இரு கையிலும் ஒரே மாதிரி வருகிறது. காலையில் எழுந்தால் விரல் விறைத்து நிற்கிறது — அரை மணி, ஒரு மணி, அதற்கும் மேலே. ஆண்களைக் காட்டிலும் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாய்ப் பிடிக்கிறது. முப்பதிலும் நாற்பதிலும், உழைத்துக் குடும்பம் காக்கும் வயதிலேயே வந்து நிற்கிறது.

தறிதான் இந்த நோயைத் தந்தது என்று நான் கூறவில்லை; கூறினால் அது பொய்யாகும். வங்கியிலே எழுதுவோருக்கும் வருகிறது, வயலிலே நடுவோருக்கும் வருகிறது. பரம்பரைக் கூறு ஒரு காரணம். புகைபிடித்தல் அதைத் தூண்டிவிடும் காரணங்களில் ஒன்று. ஆயினும், வங்கியிலே எழுதுபவரின் விரல் விறைத்தால் விடுப்பு உண்டு, சம்பளம் உண்டு. நெசவாளியின் விரல் விறைத்தால், தறி நிற்கிறது; தறி நின்றால் அடுப்பு நிற்கிறது. நோய் ஒன்றுதான். அது விதிக்கும் தண்டம் ஆளுக்கு ஆள் வேறு!

எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள், எங்கோ ஒருவர் இருவர்தானே என்று எண்ணிவிடாதே. ஆயிரம் பேருக்கு ஐந்து பேர் என்று குறைத்தே கணக்கிடு. 2019-இல் செங்கற்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகு எஞ்சிய காஞ்சி மாவட்டத்திலே, 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி 11 லட்சத்துக்கு மேற்பட்டோர். கூட்டிப் பெருக்கிப் பார். 5,500 பேருக்குக் குறையாது! ஒரு பெரிய ஊராட்சியே எழுந்து வந்து நின்றது போன்ற கூட்டம். ஆனால் அந்தக் கூட்டம் ஓரிடத்திலே கூடுவதில்லை, ஊர்வலம் போவதில்லை, கொடி பிடிப்பதில்லை. காரணம், கொடி பிடிக்கக் கை மடங்க வேண்டுமே!

அவர்கள் கூடும் இடம் ஒன்றே ஒன்று உண்டு. அதுவும் ஒரே நாளில் அல்ல, ஒவ்வொருவராக, நள்ளிரவிலே. அந்த இடம் மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

நாடகம் எழுதுபவன் நான். ஆகவே காட்சியாகவே காட்டுகிறேன், காண்! எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று கேளாதே. இந்தக் காட்சி நாட்டிலே நூறு இடங்களில் நடைபெறுவது.

இரவு மணி 2. ஆட்டோவிலிருந்து மனைவியை இரு கையாலும் தாங்கி இறக்குகிறார் ஒருவர். அந்த அம்மையாரின் மணிக்கட்டு இரண்டும் வீங்கியிருக்கின்றன. முழங்கால் நீட்ட வரவில்லை. உள்ளே இளம் மருத்துவர், மாலையிலிருந்து உட்காராதவர்.

"எத்தனை நாளா வலி, அம்மா?"

"எட்டு மாசமா இருக்குங்க, டாக்டர்."

"எட்டு மாசமா? அப்ப ஏன் பகல்ல வரலை?"

"பகல்ல தறி இருக்குங்களே."

மருத்துவர் நிமிர்ந்து பார்க்கிறார். அடுத்த கட்டிலிலே சாலை விபத்தில் அடிபட்ட இளைஞன். அதற்கடுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு முதியவர். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம் வகுத்து, உயிருக்கு ஊசலாடுவோரை முதலில் கவனித்திட வேண்டும் என்பது அவசரப் பிரிவின் நெறி. நல்ல நெறி! அந்த நெறிப்படி அம்மையாருக்குக் கிடைப்பது பச்சை. ஊசி ஒன்று, மாத்திரை மூன்று நாளுக்கு, "காலையில வெளிநோயாளர் பிரிவுல காட்டுங்க" என்று ஒரு சொல். ஊசியின் பயனால் வலி தணிகிறது. விடிகிறது. தறி அழைக்கிறது. வெளிநோயாளர் பிரிவு? அடுத்த வாரம் பார்க்கலாம்! அடுத்த வாரம் அடுத்த மாதமாகிறது. மீண்டும் ஒரு நள்ளிரவு. மீண்டும் அதே ஆட்டோ. மீண்டும் ஒரு ஊசி. திரை!

இந்தக் காட்சியிலே குற்றவாளி யார், தோழா? மருத்துவரா? அவர் செய்தது முறையே. கணவரா? அவர் ஒரு நாள் கூலியை இழந்தல்லவா மறுநாள் கண் எரிய அமர்ந்திருக்கிறார்! அம்மையாரா? எட்டு மாதம் பொறுத்தவரைப் பொறுமையற்றவர் என்பது எப்படிப் பொருந்தும்? ஆள் எவரையும் குற்றக்கூண்டில் ஏற்ற முடியவில்லை. அப்படியானால், கூண்டில் ஏற்ற வேண்டியது அமைப்பு! பகலிலே திறக்க வேண்டிய கதவு திறவாததால்தான் இரவுக் கதவு தட்டப்படுகிறது.

"இப்படிப்பட்டவர்களால்தான் அவசரப் பிரிவிலே நெரிசல், மூட்டுவலிக்கெல்லாம் அங்கே வரலாமா?" என்று பேசிடும் கனவான்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு மறுமொழி உண்டு நம்மிடம்.

முதல் மறுமொழி: வந்தவர் வேண்டுமென்று வந்தவர் அல்லர். அவசரப் பிரிவு ஒன்றுதான் சீட்டு வாங்க விடியற்காலையில் வரிசை நிற்கச் சொல்லாதது. எந்தத் துறை என்று நோயாளியையே கேட்காதது. கூலி நேரத்தைத் தின்னாதது. திறந்திருக்கும் கதவின் வழியே நுழைந்தவனைத் திட்டிப் பயனென்ன? மூடிய கதவைத் திற!

இரண்டாவது மறுமொழி இன்னும் முக்கியமானது. முடக்குவாதக்காரருக்கு உண்மையான அவசரமும் வரும்! ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரெனக் கனன்று, சிவந்து, காய்ச்சலும் சேர்ந்தால், அது மூட்டுக்குள்ளே கிருமி புகுந்து சீழ் பிடித்ததாக இருக்கலாம்; ஓரிரு நாள் தாமதித்தால் மூட்டே போய்விடும், உயிரும் போகலாம். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து உண்பவருக்குக் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்தால் அது சாதாரணச் சளி என்று இருந்துவிடலாகாது. வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கியவருக்கு மலம் தார் போலக் கறுத்தால், வயிற்றுக்குள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருள். பல்லாண்டு நோயுற்றவருக்குக் கழுத்து வலியோடு கைகால் மரத்துத் தளர்ந்தால், கழுத்தெலும்பு விலகித் தண்டுவடத்தை நெருக்குகிறது என்று ஐயுற வேண்டும். இந்த நோயாளிகளுக்கு மாரடைப்பின் ஆபத்தும் மற்றவரைவிட அதிகம். "மூட்டுவலிதானே, பகலில் பார்க்கலாம்" என்று இவர்களை வீட்டிலேயே நிறுத்தினால், கொலைப்பழி நம்மைச் சேரும். ஆகவே, அவசரப் பிரிவுக்கு வராதே என்று எவரும் சொல்ல வேண்டாம். வர வேண்டிய அவசியமில்லாத நிலையை உண்டாக்கு. வர வேண்டிய வேளையைக் கற்றுக்கொடு. இதுதான் நம் வாதம்.

அந்த நிலையை உண்டாக்க முடியுமா? முடியும்! மருந்து இருக்கிறது. அதிலேதான் இருக்கிறது, நெஞ்சை உறுத்தும் செய்தி.

எல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறாயா? 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியிலே பயின்றவர். கதர் உடுத்தி வந்தார் என்பதால் வெள்ளைப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானார். முழுப் பட்டம் கிட்டவில்லை, குறைந்த பட்டமே தரப்பட்டது. பின்னர் கடல் கடந்தார். அமெரிக்காவிலே லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழுதான், புற்றுநோயை எதிர்க்கும் புதுவகை மருந்துகளை ஆக்கித் தந்தது. அந்த வரிசையிலே வந்தது மெத்தோட்ரெக்சேட். பெரிய அளவிலே கொடுத்தால் புற்றுநோய் மருந்து. மிகச் சிறிய அளவிலே, வாரத்துக்கு ஒரே ஒரு நாள் கொடுத்தால் முடக்குவாத மருந்து! இன்றைக்கு உலகெங்கும் அந்த நோய்க்கு முதலில் எடுக்கப்படும் படைக்கலம் அதுவே. விலையோ, மிக மலிவு. ஊசி ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் புதிய மருந்துகள் பின்னால் வந்திருக்கின்றன. அவை வேண்டப்படுவோரும் உளர். ஆயினும், தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால் பலருக்கு இந்த மலிவு மாத்திரையும் அதன் துணை மருந்துகளுமே போதுமானவை.

சென்னைக் கல்லூரியிலே படித்தவர் வித்திட்ட மருந்து, கடல் கடந்து போய், உலகை வலம்வந்து, மீண்டும் நம் நாட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் சென்னையிலிருந்து காஞ்சிக்கு, ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து, குழித்தறிக்காரரின் கைக்கு வேளையோடு வந்து சேர்வதற்கு வழி காணவில்லை! கடலைத் தாண்டிய மருந்து, கடைசித் தெருவைத் தாண்டவில்லை!

வேளையோடு என்றேன், அந்தச் சொல்லைக் குறித்துக்கொள். நோய் தொடங்கிய முதல் சில மாதங்களிலே மருந்து தொடங்கினால் மூட்டைக் காக்கலாம். காலம் கடந்துவிட்டால், அழற்சியை அடக்கலாமே தவிர, அரித்துப்போன எலும்பை மீட்க முடியாது. இங்கிலாந்திலே வகுத்திருக்கும் மருத்துவத் தர அளவு என்ன சொல்கிறது? ஐயத்துக்குரிய நோயாளியைக் குடும்ப மருத்துவர் அனுப்பிய 3 வாரத்துக்குள் வாதநோய் வல்லுநர் பார்க்க வேண்டும். 6 வாரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும். இடையிலே நோய் சீறினால் உடனே அணுகிட வழி வேண்டும். அங்கேயும் எல்லோருக்கும் அது முழுமையாக நிறைவேறிவிடுவதில்லை. ஆனால் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. தவறினால், தவறினாய் என்று ஆட்சியைப் பார்த்துக் கேட்கலாம். நம் கையிலே அளவுகோல் எங்கே? அம்மையாரின் எட்டு மாதத்தை எந்தக் கோல் கொண்டு அளந்து, எவரிடம் கேட்பது?

அளவுகோல் இல்லாத இடத்திலே ஆசாமிகள் நுழைந்துவிடுகிறார்கள். "மூன்றே பொட்டலம், முடம் நடக்கும்!" என்று விற்பனை. உண்டதும் வலி பறந்துவிடுகிறது; ஊரே வியக்கிறது. பொட்டலத்துக்குள்ளே இருப்பது பல வேளைகளில் ஸ்டீராய்டு! 1948-இல் அமெரிக்காவிலே ஹென்ச் என்ற மருத்துவர் முதன்முதலாக முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் கொடுத்தபோது உலகமே வியந்தது. 1950-இல் நோபல் பரிசும் கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே மறுபக்கமும் தெரிந்தது: முகம் உப்பும், எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், கிருமிக்கு உடல் இரையாகும். அறிந்த மருத்துவர் அளந்து கொடுத்து, அளந்து குறைத்தால் அது துணை. பெயரில்லாப் பொட்டலத்தில் வந்தால் அது தூண்டில். மாதக்கணக்கில் உண்டுவிட்டு, கையில் காசில்லை என்று ஒரு நாள் திடீரென நிறுத்தினால், உடல் தானே சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். மயக்கம், வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி — மீண்டும் அவசரப் பிரிவு! இம்முறை பச்சை நிறமல்ல, சிவப்பு!

2006-ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? சிக்குன்குனியாக் காய்ச்சல் தமிழகத்தைச் சுற்றி வளைத்த ஆண்டு. தெருத்தெருவாக மக்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தனர். பலருக்கு மாதக்கணக்கில் மூட்டுவலி நீடித்தது. அது வந்து சென்ற பிறகு நம்மிடையே ஒரு பழக்கம் ஊன்றிவிட்டது. மூட்டு வீங்கினால், "அந்தக் காய்ச்சலின் மிச்சம்" என்று ஒரு வீட்டிலே சொல்கிறார்கள். "தேய்மானம்" என்று அடுத்த வீட்டிலே. "வாயு" என்று எதிர் வீட்டிலே. பெண்ணுக்கு வந்துவிட்டாலோ, "வேலைக்குச் சோம்பல்" என்று அதற்கு மாமியார் மருத்துவம்! கோவில் நகரமல்லவா, "முற்பிறவிப் பயன், அனுபவித்துத்தான் தீர வேண்டும்" என்று முடித்து வைப்போரும் உண்டு. ஐயா, பெரியோரே! முற்பிறவியிலே எவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. இப்பிறவியிலே வாரம் ஒருமுறை ஒரு மாத்திரை கிடைத்திருந்தால் அந்த விரல் மடங்கியிருக்கும் என்பது தெரியும்! ஊழ்வினை என்று சொல்வதால் எவருக்கு ஊதியம்? கேள்வி கேட்கப்படாமல் தப்பித்துக்கொள்ளும் அதிகாரத்துக்கல்லவா!

அரசால் ஆகாது என்பாரும் உளர். ஆகாதா? 1994-இல் மருத்துவப் பணிகள் கழகம் நிறுவி, மொத்தமாக மருந்து வாங்கி, கிராம நிலையம்வரை அனுப்பும் முறையை உண்டாக்கியது இந்தத் தமிழ்நாடு. பிற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுச் சென்றன. 2008-இல் 108 ஊர்தி ஓடத் தொடங்கியது. 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் என்று, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுபோகும் திட்டம் பிறந்தது. படுத்த படுக்கையாயினோருக்கு இயன்முறைப் பயிற்சியும் அதிலே சேர்ந்தது. காஞ்சியை அடுத்த காரைப்பேட்டையிலே, 1969-இல், அண்ணாவின் நினைவாக அரசுப் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. புற்றுநோய்க்கு மருத்துவமனை கண்ட ஊருக்கு, அதே குடும்பத்து மருந்தால் அடங்கக்கூடிய முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு நாள் ஒதுக்குவது மலையைப் பெயர்ப்பதா?

அத்திவரதர் விழா நினைவிருக்கும். 2019-ஆம் ஆண்டு, ஜூலை, ஆகஸ்டு, 48 நாட்கள். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் விழா என்று ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தார்கள். கூட்டத்துக்கிடையே மருத்துவ முகாம் இருந்தது. அவசர ஊர்தி நின்றது. வேண்டியதுதான், வந்தவர் நம் மக்கள், அவர்தம் உயிர் பெரிது. விழாவுக்குச் செய்ததைக் குறை கூறிட அல்ல நான் நினைவூட்டுவது. நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் கூட்டத்துக்காக இந்த ஊரிலே மருத்துவரையும் மருந்தையும் கொண்டுவந்து குவிக்க முடிந்ததே, நாள்தோறும் விறைக்கும் விரலுக்காக வாரத்துக்கு ஒரு பொழுது ஏன் முடியாது? என்பதே நான் கேட்பது.

நெசவாளி கேட்டுப் பெறாதவன் என்பதும் ஒரு காரணம். ஆலைத் தொழிலாளிக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவக் காப்பீடு தந்தது. அதற்கென மருத்துவமனைகள் எழுந்தன. வீட்டிலே தறி போட்டவன், முதலாளியின் பாவைக் கூலிக்கு நெய்தபோதும், அந்த வேலிக்கு வெளியே நின்றான். ஆலைச் சங்கு ஊதினால் ஆயிரம் பேர் ஒன்றாக வருவர். வீட்டுத்தறியின் ஒலி வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அந்த ஒலியைத் தெருவுக்குக் கொண்டுவருவதற்குத்தான் கட்சி! அதற்குத்தான் நீ!

ஆகவே, ஆட்சி எவருடையதாயினும் — நம்மவருடையதாயினும், மாற்றாருடையதாயினும் — நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கை இது.

ஒன்று: காஞ்சியிலும், ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும், வாதநோய்க்கென்று வாரத்தில் நிலையான ஒரு நாள், அதுவும் தறி நிற்கும் மாலைப் பொழுதிலே. வல்லுநர்கள் பெருநகரங்களிலேயே குவிந்துள்ளனர். ஊர்தோறும் ஒருவரை உடனே கேட்டால் கிடைக்கமாட்டார். சென்னை மருத்துவக் கல்லூரியிலே வாதநோய்க்கெனத் தனித் துறை இருக்கிறது. அங்கிருந்து முறைவைத்து வரட்டும். அல்லது மாவட்டத்துப் பொது மருத்துவர் அங்கே சென்று பயிற்சி பெற்று வரட்டும்.

இரண்டு: வல்லுநர் ஒருமுறை மருந்தைத் தீர்மானித்துவிட்டால், மாதந்தோறும் அது வீட்டருகேயுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலே கிடைக்க வேண்டும், கூடவே, இரத்தப் பரிசோதனையும். மெத்தோட்ரெக்சேட் கண்காணிப்பு வேண்டும் மருந்து. வாரம் ஒரு நாள் உண்ண வேண்டியதைத் தவறுதலாக நாள்தோறும் உண்டு உயிரிழந்தோர் உலகெங்கும் உண்டு. கருவுற்ற பெண்ணும், கருவுற விரும்பும் பெண்ணும் அதை உண்ணலாகாது. எனவே, மாத்திரைப் பொட்டலத்தின்மீது, "வாரத்தில் ஒரு நாள் மட்டும், இந்தக் கிழமை" என்று கொட்டை எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும்.

மூன்று: அவசரப் பிரிவின் பதிவேடு பேச வேண்டும். மூட்டு வீக்கத்தோடு ஒருவர் இரண்டாம் முறை வந்தால், வெறும் ஊசியோடு அனுப்பாமல், எந்த நாள், எந்த அறை, எந்த மருத்துவர் என்று எழுதிய சீட்டைக் கையிலே கொடுக்க வேண்டும். வராவிட்டால் தேடிச் செல்ல வேண்டும். ஓர் ஆண்டின் பதிவேட்டைப் புரட்டினால், பகல் மருத்துவம் எங்கே தவறியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

நான்கு: நோய் சீறும் வேளையிலே அழைத்துக் கேட்க ஒரு தொலைபேசி எண், மறுமுனையிலே பயின்ற செவிலியர் ஒருவர். "மருந்தைக் கூட்டலாமா, நாளை வரலாமா, இப்போதே கிளம்ப வேண்டுமா?" — இந்த மூன்று கேள்விக்கு விடை கிடைத்தால், நள்ளிரவு ஆட்டோக்களில் பல கிளம்பவே வேண்டியதில்லை, கிளம்ப வேண்டியது தாமதிக்கவும் செய்யாது.

ஐந்து: நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலே ஆண்டுக்கு ஒருமுறை கை பார்க்கும் முகாம். கண்ணைப் பார்க்கிறோம், சர்க்கரையைப் பார்க்கிறோம், கைத்தறி என்று பெயர் வைத்துக்கொண்டு, கையைப் பார்க்க வேண்டாமா?

கோரிக்கை எழுதியதோடு நம் வேலை முடிந்ததா? இல்லை. கோரிக்கை நிறைவேறும் நாள்வரை கை வீங்காமல் காத்திருக்குமா? கிளைக்கழகத் தோழனே, உனக்கும் வேலை இருக்கிறது. உன் தெருவிலே எவருக்கேனும் ஆறு வாரத்துக்கு மேலாக விரல் மூட்டு வீங்கி, காலையில் அரை மணிக்கு மேலாக விறைத்திருந்தால், அவரை ஒரு பகற்பொழுதிலே நீயே மருத்துவமனைக்கு அழைத்துச் செல். வரிசையிலே நீ நில். சீட்டை நீ வாங்கு. இருபது, முப்பது வயது இளைஞன் ஒருவன், இரவின் பிற்பகுதியில் இடுப்பு விறைத்து எழுந்து, நடந்தால் தேவலை என்று சொன்னால், அதுவும் இந்த நோய்க் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். அவனையும் அழைத்துச் செல். தேர்தல் நாளன்று முடியாதவரைத் தூக்கிச் சென்று வாக்குச்சாவடியிலே நிறுத்துகிறாயே, அந்தத் தோளுக்கு ஆண்டு முழுவதும் வேலை கொடு! பொட்டலம் விற்பவன் வந்தால், உள்ளே என்ன என்று கேள். பீடியை விடச் சொல். கனன்ற ஒற்றை மூட்டு, காய்ச்சல், கறுத்த மலம், மரத்த கால், திடீர் மயக்கம், நெஞ்சுவலி — இவற்றிலே ஒன்று கண்டால் பொழுது பாராமல் 108-ஐ அழை. இவற்றைப் படிப்பகத்தின் கரும்பலகையிலே எழுதி வை.

இதெல்லாம் அரசியலா என்று உன்னைக் கேட்பார்கள். கேட்கட்டும். 1953-இலே, கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் பட்டினி கிடந்தபோது, துணியைத் தோளிலே சுமந்து தெருத்தெருவாக விற்றார் இந்தக் காஞ்சியிலே நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா. அது அரசியலா என்று அன்றைக்கும் கேட்டவர்கள் இருந்தார்கள். 14 ஆண்டு கழித்து, 1967-இல், நாடு விடை சொன்னது. துணியைச் சுமந்த இயக்கம், துணி நெய்த கையைச் சுமக்க மறுக்கலாமா?

நாளை விடியும், தோழா! பிள்ளையார்பாளையத்திலே எங்கோ ஒரு வீட்டில், ஒரு தாய் கண்விழித்ததும் முதலில் பார்க்கப்போவது கடிகாரத்தையல்ல, தன் விரலை. மடங்குமா, மடங்காதா என்று அவர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் அந்தக் கேள்வி, மருத்துவத் துறையின் மேசைமீது மனுவாக விழ வேண்டும். நகர்மன்றத்தில் தீர்மானமாக எழ வேண்டும். சட்டமன்றத்தில் வினாவாக ஒலிக்க வேண்டும். விழச் செய்வதும், எழச் செய்வதும், ஒலிக்கச் செய்வதும் உன் கையிலே இருக்கிறது.

உன் கை மடங்குகிறதல்லவா? எடு பேனாவை! எழுது மனுவை!